பேரில்லாத ஓட்டுக்கு மஞ்சள் சீட்டு

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, இருங்காட்டுக்கோட்டைப் பட்டறையில் நான்கு பேர் இருந்தார்கள். எபினேசர் கடைசல் இயந்திரத்தை ஒட்டிய முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய கூட்டாளி கோவர்தன் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஷட்டர் ஓரம் கவிழ்த்துப்போட்ட எண்ணெய் டிரம்மின் மேல் இருந்தான். இயந்திரம் ஓட்டும் இசக்கிசெல்வி இரும்புக் கம்பி வந்த மரப்பெட்டியில். இவர்களுக்கு நடுவே, அளவு பார்க்கும் மேசைக்கு முன்னால் கிளாரா. எபினேசரின் மனைவி. அந்தப் பட்டறையிலிருந்து எந்த உதிரிபாகமும் அவள் அளந்து பார்க்காமல் வெளியே போனதில்லை.

மேசையின் மேல் பிரிவுப் பத்திரம் இருந்தது. இரண்டு கையெழுத்து விழவேண்டியதுதான் பாக்கி. ஐந்து மணிக்கு ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்து வாங்கிப்போவதாகப் பேச்சு. அதோடு பதினோரு வருஷத்துப் பட்டறை இரண்டாகிவிடும்.

சுவரில் வேத வசன காலண்டரும் ஸ்ரீபெரும்புதூர் கோவில் காலண்டரும் ஒரே ஆணியில் தொங்கிய பட்டறை அது. இரண்டு பேருக்கும் சண்டை வந்தது சாமியால் அல்ல, ஆளுங்கட்சியின் வாக்குறுதியால். 'பாதுகாப்புத் துறைக்கான செலவை ஆண்டுதோறும் உயர்த்துவோம். அந்தத் துறை வாங்கும் உதிரிபாகத்தில் கால் பங்கைச் சிறு பட்டறைகளிடம் வாங்குவோம்' என்று தேர்தல் நேரத்தில் துண்டறிக்கை கொடுத்தார்கள். எபினேசர் அதை மடித்துப் பர்ஸிலேயே வைத்திருந்தான். இப்போது செய்யும் வண்டி பிரேக் பின் வேலையை விட்டுவிட்டு முழுக்க ராணுவ வேலைக்கே மாறவேண்டும் என்றான். அத்தனையும் புளுகு, அந்தக் கட்சிக்காரரான நம்ம எம்.பி. சபைக்கே போவதில்லை என்று கோவர்தன் தன் வாட்ஸ்அப்பை நீட்டினான். பதிலுக்கு எபினேசரும் ஒரு வாட்ஸ்அப்பை நீட்டினான். மூன்று வாரமாக இருவருக்கும் பேச்சில்லை. கோவர்தன் தன் தயிர்சாத டப்பாவைக்கூட முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றான்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வேலை கீது," என்றாள் கிளாரா. "நம்ம பட்டறையில புது செட்டிங் போட்டா மொத பீஸ அளக்காம ஓட்டுவோமா? இந்த வாக்குறுதியையும் அளந்துருவோம்."

எபினேசர் முகத்தைத் திருப்பினான். "அத எந்த கேஜ்ல அளப்ப?"

"சபையில ஓட்டு விழுந்த கணக்குல."

ஒரு வாரமாக அவள் பாராளுமன்ற இணையதளத்திலிருந்து சபை நடவடிக்கைக் குறிப்புகளை எடுத்து, சுங்குவார்சத்திரம் ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு வைத்திருந்தாள். எபினேசரின் துண்டறிக்கையை வாங்கிச் சுவர்ப்பலகையில் குத்தினாள். அவளிடம் மூன்று நிறச் சீட்டுகள் எப்போதும் இருக்கும். சரியான பாகத்துக்குப் பச்சை, கழிவுக்குச் சிவப்பு, சந்தேகத்தில் நிறுத்திவைப்பதற்கு மஞ்சள்.

"மூணு வருஷம், மூணு ஓட்டு. பாதுகாப்புச் செலவு ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்த விட ஏறிக்கீது," என்று முதல் வரிக்குப் பக்கத்தில் பச்சையைத் தொங்கவிட்டாள்.

"பாத்தியா!" என்று எபினேசர் தொடையைத் தட்டினான்.

"விலைவாசியும்தான் ஏறித்து," என்று ஷட்டர் பக்கமிருந்து குரல் வந்தது.

"அது வேற அளவுண்ணா, தனியா பாக்கலாம். இப்ப ரெண்டாவது வரி. கால் பங்கு சிறு பட்டறைக்குன்னு கட்டாயம் ஆக்கணும்னு ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டாந்தார். தோத்துப்போச்சு. நம்ம எம்.பி. பேரு அதுல இல்ல." சொல்லிக்கொண்டே சிவப்புச் சீட்டை மாட்டினாள். "ஆப்சென்ட்."

கோவர்தன் டிரம்மிலிருந்து குதித்தே விட்டான். "சொன்னேனோல்லியோ!"

எபினேசர் எழுந்து வந்து பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவின் மூடியைத் திறந்தான். அளந்தால் சண்டை தீரும் என்றுதானே கிளாரா நினைத்தாள்!

இசக்கிசெல்வி அந்த அச்சுத்தாளை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். "யக்கா, நம்ம எம்.பி. பேரு இல்ல, சரி. மத்த ஆளுவ பேரு எங்க?"

"கீழ இருக்கும் பாரு."

"ஒருத்தர் பேரும் இல்லியேக்கா. அம்புட்டு பேருமா லீவு போட்டாவ?"

கிளாரா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: எல்லாப் பீஸும் ரிஜெக்ட் ஆனால் பீஸைச் சந்தேகப்படாதே, கேஜைச் சந்தேகப்படு. ஷிப்ட் வருகைப் பதிவேட்டைப் பார்க்கிற பழக்கத்தில், பேரில்லை என்றதும் ஆளே வரவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

"தப்பு என்னுது," என்று சத்தமாகவே சொன்னாள். "இது குரல் வாக்கெடுப்பு. ஆம்னு கொஞ்சம் பேரு சொல்வாங்க, இல்லைன்னு கொஞ்சம் பேரு. சத்தத்த வெச்சே சபாநாயகர் முடிவு சொல்லிடுவாரு. பேரு எழுத மாட்டாங்க. யாராச்சும் எழுந்து எண்ணுங்கன்னு கேட்டாத்தான் பேர் பேரா ஓட்டு."

"சத்தத்த வெச்சா? நம்ம கம்ப்ரஸர் தேர்தல்ல நின்னா ஜெயிச்சிரும் போலிருக்கே!" என்றாள் இசக்கிசெல்வி.

"வேணும்னா பாத்துருவோம்," என்று கிளாரா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். "இந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும்னு சொல்றவங்க, ஆம்னு சொல்லுங்க."

"ஆம்," என்று எங்கிருந்தோ ஒரு முனகல்.

"வேணாம்னு சொல்றவங்க?"

"இல்லை!" என்று இசக்கிசெல்வி போட்ட சத்தத்தில் தகரக்கூரை அதிர்ந்தது. அதற்கு அடியில் ஓர் ஆண் குரலும் கேட்டாற்போல் இருந்தது.

கிளாரா திரும்பினாள். "'இல்லை'தான் ஜெயிச்சுது. ஆம்னு சொன்னது யாரு?"

"நான் சொல்லல," என்றான் எபினேசர்.

"நானும் சொல்லலை," என்றான் கோவர்தன்.

"அப்ப பல்லியா சொல்லிச்சு?" என்றாள் இசக்கிசெல்வி. "இதெல்லாம் செல்லாது. எண்ணணும்! பேரைச் சொல்லிக் கையத் தூக்குங்க அண்ணாச்சி!"

எபினேசர் இயந்திரத்தைப் பார்த்தான், ஆணியில் தொங்கிய இரண்டு காலண்டரையும் பார்த்தான். "எபினேசர். இல்லை," என்று கையைத் தூக்கினான்.

கோவர்தன் கொஞ்ச நேரம் காலால் தரையைக் கீறினான். பிறகு அவன் கையும் மெல்ல உயர்ந்தது. "கோவர்தன். இல்லை. ஏண்டா, ஆம்னது நான்தான். நீ சொல்றதுக்குள்ள நான் முந்திக்கணும்னு தோணித்து. பேரைச் சொல்லிக் கையைத் தூக்குன்னா ஆம்னு வர மாட்டேங்கறது."

"அடப்பாவி! மூணு வாரமா என்னை இன்னா பாடு படுத்திட்ட!" என்று எபினேசர் ஓடிப்போய் அவன் முதுகில் ஒன்று வைத்தான். அவன் திருப்பி வைத்தான். இசக்கிசெல்வி சிரித்த சிரிப்பில் மரப்பெட்டி ஆடியது.

கிளாரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவப்புச் சீட்டைக் கழற்றி மஞ்சளை மாட்டினாள். பிரேக் பின் வேலை நிற்கக்கூடாது, ஒரே ஓர் இயந்திரத்தில் ராணுவ வேலைக்கு மாதிரி செய்து பார்க்கலாம் என்று முடிவானது. அதையும் பேரைச் சொல்லிக் கைதூக்கித்தான் முடிவு செய்தார்கள்.

இனி ஆடிட்டர் ஆபீஸுக்குத் தேவைப்படாத பிரிவுப் பத்திரத்தைத் திருப்பிப்போட்டு, அதன் பின்பக்கத்தில் கிளாரா எம்.பி.க்கு ஒரு கடிதத்தின் வரைவை எழுதினாள்.

"நல்லா திட்டி எழுது!" என்றான் கோவர்தன்.

"திட்டறதுக்கு நம்ம கையில அளவு இல்லண்ணா. கேள்விதான் கீது," என்று எழுதியதைப் படித்தாள். "'மதிப்பிற்குரிய ஐயா, செலவை உயர்த்தும் வாக்குறுதி மூன்று ஆண்டும் நிறைவேறியதைக் குறிப்பில் கண்டு மகிழ்ந்தோம். சிறு பட்டறைக்கான கால் பங்குத் தீர்மானத்தில் தாங்கள் ஆம் என்றீர்களா, இல்லை என்றீர்களா? குறிப்பில் தங்கள் பெயர் இல்லை. அடுத்த முறை பெயர் சொல்லி எண்ணும்படி தாங்களே எழுந்து கேட்கவேண்டும் என்று வேண்டுகிறோம்.' இவ்ளோதான்."

"நான் பர்ஸுல வெச்சுக்கினு சுத்துனது வெறும் பேப்பர்," என்றான் எபினேசர்.

"வெறும் பேப்பர் இல்லங்க. பாதி பச்சை, பாதி மஞ்சள். வாக்குறுதியக் கேட்டுக் கைதட்டறதும் சுலபம், வாட்ஸ்அப்பப் பாத்துத் திட்றதும் சுலபம். எந்த நாள், எந்த ஓட்டு, யார் பேருன்னு பாக்கறதுதான் ஓட்டுப் போட்டவங்க வேலை. தெரியலைன்னா கேட்டு எழுதணும். அத வுட்டுட்டு நம்மளுக்குள்ள அடிச்சிக்கக் கூடாது."

நல்ல தாளில் பிரதி எடுத்து நான்கு பேரும் முழுப்பெயரோடு கையெழுத்திட்டார்கள். உறையை ஒட்டப் பசையில்லை. கோவர்தன் டப்பாவைத் திறந்து, தயிர்சாதத்திலிருந்து நான்கு பருக்கையை எடுத்து உறையின் விளிம்பில் தேய்த்தான்.

"மூணு வாரமா எனக்கு ஒரு வாய் குடுக்கல, எம்.பி.க்கு மொதல்ல பரிமாறுறான் பாரு!" என்றான் எபினேசர்.

கோவர்தன் டப்பாவை அப்படியே அவன் மடியில் வைத்தான்.

கிளாரா உறையைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டினாள். தபாலாபீஸ் மூடுவதற்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. இசக்கிசெல்வி வண்டியைக் கிளப்பினாள். ஏறி உட்கார்ந்த கிளாராவின் கையில், பதிவுத் தபாலுக்குப் போகும் கடிதம் லேசாகத் தயிர் மணத்தது.