ஐஸ்பெட்டியில் ஒரு மாப்பிள்ளை

ஜான்சியின் முதல் ஓலை வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அவளுடைய சொந்த அத்தையே கல்யாணத்துக்குத் தடை சொல்லப் போய்விட்டாள்.

கடலூர் முதுநகரில் அந்தக் கத்தோலிக்கப் பங்கில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மூன்று ஞாயிறு கோயிலில் பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் வாசிப்பார்கள். அதுதான் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று கடைசியில் ஒரு வரி வரும். எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் அது. இருபது வருடமாக அந்த வரியை யாரும் காதில் வாங்கியதில்லை. தைலம்மாள் அத்தை வாங்கினாள்.

"சொல்லுங்கம்மா," என்றார் ஃபாதர் ஞானசேகரன், பூசை உடுப்பைக் கழற்றியபடி.

"மாப்ள பையன நான் பொணமா பாத்தேன் ஃபாதர்."

உடுப்பு ஃபாதரின் தலையிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. "எப்போ?"

"போன வியாழக்கெழம. மேட்னி."

விஷயம் இதுதான். சிதம்பரத்தில் பாலிடெக்னிக் வாத்தியாராக இருக்கும் மாப்பிள்ளை ராஜவேல், 'ஐஸ்பெட்டி ஆறுமுகம்' என்ற படத்தில் ஆறுமுகமாக நடித்திருந்தான். ஆறுமுகம் படம் தொடங்கும்போதே செத்துப்போய்விடுகிறான். மூன்று திருடர்கள், திருடிய வைரத்தை அவன் சட்டைப் பையில் ஒளித்துவைத்துவிட்டு, ஐஸ்பெட்டியோடு அவனை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். வழியில் கொலை, கொள்ளை, போலி போலீஸ், நிஜ போலீஸ் எல்லாம் உண்டு. எல்லாமே சிரிப்பு.

"நீங்க எதுக்கும்மா அந்தப் படத்துக்குப் போனீங்க?" என்று கேட்டார் ஃபாதர்.

"புவனகிரியில ஒரு துக்கம் ஃபாதர். திரும்பி வர்றப்ப சிதம்பரத்துல மனசே சரியில்ல."

சினிமாவில் செத்துப்போவது திருச்சபைச் சட்டப்படி தடையாகாது என்று ஃபாதர் பொறுமையாக விளக்கினார். வேறு வீடாக இருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஜான்சியின் அப்பா அந்தோணிசாமி.

அந்தோணிசாமிக்கு மின்வாரியத்தில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுவார். பங்கின் மாத இதழில் 'பார்க்கலாமா?' என்று ஒரு பக்கம் எழுதுவார். அதில் அவர் சினிமாவுக்கும் மீட்டர்தான் பார்த்தார். பத்துக் கட்டளைகளுக்குப் பத்துக் கட்டம் போட்டு, படத்தில் யார் எதை மீறினாலும் அவர் பேரோடு ஒரு டிக். பத்து டிக்குக்குள் என்றால் 'குடும்பத்தோடு பார்க்கலாம்'. ஐம்பதுக்குள் என்றால் 'பார்த்துவிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யவும்'. ஐம்பதைத் தாண்டினால் 'பார்க்கவே வேண்டாம்'. ஏழு வருடத்தில் 'குடும்பத்தோடு' வாங்கியது ஒரே ஒரு யானைப் படம். அதிலும் யானை கரும்பு திருடியதை ஆசிரியர் கவனிக்கவில்லையா என்று வாசகர் கடிதம் வந்தது.

"நான் அந்தப் படத்த பாக்கறேன்," என்றார் அந்தோணிசாமி, மத்தியானச் சாப்பாட்டில். "அம்பது டிக்க தாண்டுச்சின்னா, ரெண்டாம் ஓலைய நிறுத்தச் சொல்லிடுவேன். ஊருக்குப் பாக்க வேணாம்னு எழுதிட்டு, அதுல நடிச்சவனுக்கு எம் பொண்ண குடுத்தா என் பக்கத்த எவன் படிப்பான்?"

"அவரு வசனமே பேசலப்பா!" என்றாள் ஜான்சி.

அந்தோணிசாமியின் கை ரசத்தில் நின்றது. "அப்ப உனக்குத் தெரியும்."

தெரியும். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு ராஜவேல் முதன்முதலில் போன் செய்தபோதே, "உங்ககிட்ட ஒரு உண்மை சொல்லணுங்க. நான் ஒரு படத்துல செத்துருக்கேன்," என்றுதான் ஆரம்பித்தான். பிச்சாவரத்தில் ஷூட்டிங் பார்க்கப் போயிருக்கிறான். பிணமாக நடிக்க வந்தவருக்கு மாலை வாசம் ஒத்துக்கொள்ளாமல் தும்மல் மேல் தும்மல். ஓரமாக ஒரு மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த ராஜவேலை டைரக்டர் பார்த்திருக்கிறார். ஜான்சி அன்று போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் நாற்பத்தெட்டு பிள்ளைகளோடு கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அத்தையின் பேச்சு. அதன் நடுவே, தினமும் சாயங்காலம் ஏழரைக்கு ஒரு நல்ல மனுஷனின் குரல். நான்கு மாதத்தில் அந்தக் குரல் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. இப்போது அதை ஐம்பது டிக்குகளில் தொங்க விட்டுவிட்டார் அப்பா.

சனிக்கிழமை மூன்று பேரும் சிதம்பரம் பஸ் ஏறினார்கள். கடலூரில் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும் என்று அந்தோணிசாமிக்குக் கூச்சம். சாட்சியாக அத்தை. பிரதிவாதி வக்கீலாக ஜான்சி. குடிகாடு தாண்டும்போது கெமிக்கல் நாற்றத்துக்கு பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டது. அந்தோணிசாமி மட்டும் மூக்குக்குக் கையைக் கொண்டு போகவில்லை. ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் கட்டம் போட்ட நோட்டு.

தியேட்டரில் விளக்கு அணைந்ததும் அவர் மீட்டர் பார்க்கும் டார்ச்சை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். முதல் ஐந்து நிமிடத்தில், களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளைக்கு நான்கு டிக், பொய் சொல்லாதே என்ற எட்டாம் கட்டளைக்கு ஆறு. பிறகு ஐஸ்பெட்டியின் கண்ணாடி வழியாக ராஜவேலின் முகம் தெரிந்தது. மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு.

அந்தோணிசாமி சட்டென்று எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

அது அவர் வழக்கம். ஜான்சியின் அம்மா போன நாளிலிருந்து, தெருவில் யாருடைய பாடை போனாலும் எழுந்து நின்று மரித்தவர்களுக்கான ஜெபம் முழுவதும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

"யோவ், உக்காருய்யா! மறைக்குது!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒரு நிமிஷம் தம்பி. ஜெபம் பாதியில நிக்குது."

பெட்டி அந்தப் படத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. அந்தோணிசாமியும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தார். நான்காவது முறை அத்தையும் எழுந்துவிட்டாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஜான்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெட்கமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

இடைவேளையில் முறுக்கு வாங்க வெளியே வந்தபோது, தூணுக்குப் பின்னால் ஹெல்மெட் போட்டபடி ஒருவன் நின்றிருந்தான்.

"தம்பி, உங்கள வர வேணாம்னு சொன்னேனே," என்றார் அந்தோணிசாமி.

"வூட்ல இருக்க முடியல மாமா," என்று ராஜவேல் ஹெல்மெட்டைக் கழற்றினான். அது தப்பாகப் போயிற்று.

"டேய், பொணம்டா!" என்று ஒரு கூட்டம் ஓடிவந்தது. "அண்ணே, படுத்த மாதிரி ஒரு போட்டோ அண்ணே!" செல்போன்கள் சுற்றிக்கொண்டன. ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சூடாதான் இருக்கு," என்று பொண்டாட்டியிடம் சொன்னார். ராஜவேல் ஜான்சியைப் பார்த்தான். அவள் உதட்டசைவில், "போயிடுங்க," என்றாள். அவன் போகவில்லை. இரண்டாம் பாதி முழுக்க மாமாவுக்குப் பக்கத்திலேயே, பெட்டிக்குள் கிடந்ததைவிட அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் பாதியில்தான் அந்த விபரீதம் நடந்தது. ஐஸ்கிரீம்காரர்கள் ஆறுமுகத்தின் பெட்டியை மாற்றித் தூக்கிக்கொண்டு போய், ஒரு கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் என்று இறக்கிவிடுகிறார்கள். சமையல்காரர் கரண்டியோடு மூடியைத் திறக்கிறார். அந்தோணிசாமி சிரித்துவிட்டார். பூனை தும்மியது போல ஒரு சத்தம். பிறகு நிறுத்த முடியவில்லை. டார்ச் கீழே விழுந்து முன்வரிசைக்கு உருண்டது. நோட்டில் கண்ட இடத்தில் டிக் விழுந்தது.

கடைசிக் காட்சியில் திருடர்களுக்குள் சண்டை வந்து, வைரம் போலி என்று தெரிந்து, ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். வயல் நடுவே பெட்டி மட்டும் கிடந்தது. 'நன்றி' என்று போட்டு விளக்கைப் போட்டுவிட்டார்கள். அந்தோணிசாமி எழுந்திருக்கவில்லை.

"அவ்ளோதானா? அடக்கம் பண்ணலையா?"

ஜான்சிதான் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். அந்தோணிசாமி நோட்டைத் திறந்து விரலை ஓட்டினார். ஜான்சிக்கு டீ கசந்தது.

"நூத்து நாப்பத்திமூணு," என்றார் அவர். குரலில் வெற்றி இல்லை.

"அண்ணன் சிரிச்சது பதினேழு," என்றாள் அத்தை. "நான் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

"அதுதான் தைலம் எனக்கும் உறுத்துது. சிரிப்பு காட்டுறது பாவம் இல்ல. ஆனா ஒருத்தன் செத்துக் கெடக்கறான், அவன ஒருத்தன்கூட மனுசனா பாக்கல. பெட்டியா பாக்கறான். நானும்ல சேந்து சிரிச்சிட்டேன்."

"நீங்க எந்திரிச்சி நின்னீங்களேப்பா," என்றாள் ஜான்சி. "அவ்ளோ பெரிய தியேட்டர்ல அவருக்காக நின்னது நீங்கதான். அத்தையும்." அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "நூத்து நாப்பத்திமூணுனு மொத்தமா கூட்டாதீங்க. நாளைக்கு ஆண்டவர் முன்னாடி படமா போய் நிக்கப் போறோம்? ஆளாளுக்குத்தானே கேப்பாரு? பிரிச்சிப் பாருங்க."

அந்தோணிசாமி யோசித்தார். முறை என்று வந்தால் அவரால் மறுக்க முடியாது. பேனாவை எடுத்துப் பிரித்தார். திருடர்கள் மூவருக்கும் சேர்த்து எண்பத்தெட்டு. போலி போலீசுக்கு இருபது. நிஜ போலீசுக்கு இருபத்திரண்டு. ஹீரோயினின் அம்மாவுக்குக்கூடப் பன்னிரண்டு. மீதி ஒன்று, கள்ளச் சாவி கொடுத்த மளிகைக்கடைக்காரருக்கு. கடைசியில் ஆறுமுகம் என்று எழுதி, பக்கம் பக்கமாகத் தேடினார். ஒன்றும் இல்லை. பத்துக் கட்டமும் காலி.

"இந்த ஏழு வருசத்துல எவனுக்குமே இப்டி வந்ததில்ல," என்று முணுமுணுத்தார்.

"பொணம் என்னாண்ணே பாவம் பண்ணும்?" என்றாள் அத்தை. "உசுர வச்சிக்கிட்டு செத்த மாதிரி படுத்திருந்தாரே, அது பொய்யில்லையா? எட்டாம் கட்டளையில போடு."

"பாஸ்கா நாடகத்துல பன்னெண்டு வருசமா நான்தான் பிலாத்து. அதுக்காக நான் என்ன சேசுவுக்கா தீர்ப்பு சொல்லிட்டேன்? சும்மா இரு."

அப்பா எந்தப் பக்கம் பேசுகிறார் என்பது அவருக்கே தெரியவில்லை. ஜான்சிக்குத் தெரிந்தது.

"ஆனா தம்பி," என்று அவர் ராஜவேலின் பக்கம் திரும்பினார். "உங்கள அப்டியே வயல்ல வுட்டுட்டுப் போனது எனக்கு மனசே ஆவல. பொதைக்கிற மாதிரியோ எரிக்கிற மாதிரியோ ஒரு சீன் எடுத்து, அப்பறம் வெட்டிட்டாங்களா? அப்டின்னா சொல்லுங்க, என் மனசு ஆறும்."

மேசைக்கு அடியில் ஜான்சி அவன் காலை மிதித்தாள். ஆமாம் என்று சொல்லித் தொலையேன். ஒரு வார்த்தை.

ராஜவேல் வலியோடு நிமிர்ந்தான். "எடுக்கல மாமா. அந்த சீன் முடிஞ்சதும் எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நான் பெட்டிக்குள்ள தூங்கிட்டேன். எழுப்ப மறந்துட்டு வேன் கெளம்பிடுச்சி. முழிச்சிப் பாத்தா வயல்ல யாருமில்ல. மூக்குல பஞ்சோட பக்கத்து ஊரு கிள்ளை வரைக்கும் நடந்தேன். ரோட்ல லிஃப்ட் கேட்டேன். ஒருத்தன்கூட வண்டிய நிறுத்தல."

அந்தோணிசாமி அவனையே பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. பூனைத் தும்மல் வந்தது. பிறகு அடக்க முடியாமல் மேசையைத் தட்டிச் சிரித்தார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அத்தை பழக்க தோஷத்தில், "பதினெட்டு," என்றாள்.

கடலூர் பஸ் வந்து நின்றது. அந்தோணிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"படத்துக்கு 'பார்க்கவே வேண்டாம்'தான். அதுல மாத்தமில்ல," என்றார். "ஆனா மாப்ள, நாளைக்கு ரெண்டாம் ஓலை வாசிக்கறப்ப நீங்க கடலூருக்கே வந்துடுங்க. முதல் வரிசையில உக்காருங்க. நீங்க உசுரோட இருக்கறத நம்ம சனங்க பாக்கட்டும்."

"காலைலயே வந்துடறேன் மாமா."

"முழிச்சி இருக்கணும். ஃபாதர் பிரசங்கம் கொஞ்சம் ஜாஸ்தியா போவும்."

பஸ் நகர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜான்சி திரும்பிப் பார்த்தாள். ராஜவேல் ஒற்றைக் காலில் நின்று, அவள் மிதித்த பாதத்தைத் தேய்த்துக்கொண்டே கையை ஆட்டினான்.