அழைக்காமல் போகிற நாள்

தரின்கா ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டால் அதில் ஓட்டை கண்டுபிடிக்க நிக்ஷிச் நகரத்தில் ஆள் கிடையாது. அவளுக்கே அந்த எண்ணம்தான். இந்த டிசம்பரில் அவள் போக நினைத்த ஊர் ரிசான். மலையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் இறங்கினால் வந்துவிடும் சின்னக் கடற்கரை ஊர். படகுத்துறைக்கு எதிரே இருக்கும் வீட்டில் அவளுடைய அண்ணன் மிதார் இருக்கிறார். பதினோரு வருஷமாக அவர் தங்கையோடு பேசவில்லை.

விஷயம் இதுதான். கடைசி இரண்டு குளிர்காலம் அம்மா தரின்காவின் வீட்டில் இருந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில் இறந்துபோனாள். ரிசானில் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்வதாகத்தான் பேச்சு. ஆனால் பனி கொட்டி மலைப்பாதை அடைபட்டுவிட்டது. மூன்று நாள் பார்த்துவிட்டு நிக்ஷிச்சிலேயே அடக்கம் செய்துவிட்டாள் தரின்கா. அதற்கு மறுநாளைக்கு மறுநாள் பாதை திறந்தது. "ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம்" என்று மட்டும் ஃபோனில் சொன்னார் மிதார். அதோடு சரி. அவள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. அவள் மகன் கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. கல்லுக்குக்கூட இத்தனை பிடிவாதம் இருக்காது.

புனித நிக்கோலாவின் நாளை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு மிதார் வீட்டில் ஸ்லாவா. குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கு வருஷத்துக்கு ஒரு தரம் எடுக்கும் விருந்து. அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வர நினைப்பவர்கள் வருவார்கள். வந்தவன் பகையாளியே ஆனாலும் வாசலில் நிறுத்திவைத்தால் அந்த வீட்டுக்காரன் ஊரில் தலைகாட்ட முடியாது. அன்று ஒரு நாள் அண்ணனால் கதவைச் சாத்த முடியாது.

இது பத்து வருஷத்துக்கு முன்பே அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கணவன் பிலாஷோவின் குடும்பத்துக்கும் அதே புனிதர்தான், அதே நாள்தான். முப்பத்தெட்டு வருஷமாக அந்த நாளில் அவள் அடுப்படியைவிட்டு நகர்ந்ததில்லை. இந்த வருஷம் வீட்டுக்கு மருமகள் வந்திருக்கிறாள். நோன்பு மாதம் என்பதால் இறைச்சி கிடையாது. மீன், பீன்ஸ், எண்ணெயில் செய்த பலகாரம். இதைச் சமாளிக்க முடியாதவள் மருமகளே இல்லை என்று தரின்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பிலாஷோவுக்கு உதறல்தான். போவதற்கு முன் ஒரு வார்த்தை ஃபோனில் கேட்டுக்கொண்டால் என்ன என்றார்.

"கேட்டா வராதேன்னு சொல்லுவாரு. கேக்காம போனா உள்ள வாம்பாரு. இது கூடவா புரியல உனக்கு?"

"எனக்குப் புரியுது. உங்கண்ணனுக்குப் புரியணுமே."

நவம்பர் முழுவதும் இதே வேலை. பஸ் எட்டு பத்துக்கு. பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால் பாதிரியார் அப்பத்தை வெட்டி ஆசீர்வதித்துக்கொண்டிருப்பார், குறுக்கே நுழைந்த மாதிரி ஆகும். பன்னிரண்டுக்கு மேல் கூடம் நிறைந்துவிடும், நாலு பேர் எதிரில் அண்ணன் விறைத்துக்கொள்வார். ஆகவே பதினொன்று. ஒயின் ஒரு பாட்டில், காப்பித்தூள், மலைத்தேன். புகையில் போட்ட மீனும் கொண்டுபோகலாமா என்று பிலாஷோ கேட்டபோது, கடல்காரர்களுக்கு ஏரி மீனா என்று சிரித்தாள். போனதும் "விழா வாழ்த்துகள்" என்று மட்டும் சொல்வது. அம்மாவைப் பற்றி வாய் திறப்பதில்லை. யாருக்கும் சொல்லக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கடைசி நேரத்தில் யாராவது கூப்பிட்டுக் காரியத்தைக் கெடுக்கக் கூடாதென்று, பஸ்ஸில் ஏறியதும் கைப்பேசியையும் அணைத்துவிட்டாள்.

மேலே பனி. கீழே இறங்க இறங்க வெயில், ஆரஞ்சு மரங்கள், விரிகுடா. படகுத்துறையில் ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றுக்குக் கதவைத் தட்டினாள்.

திறந்தவன் அண்ணன் மகன் சாவோ. தோளில் துண்டு, கையில் ஒயின் குடுவை. வாயைத் திறந்தபடி நின்றான்.

"அத்தை..."

"விழா வாழ்த்துகள்," என்று அவனைத் தாண்டி உள்ளே போனாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, வருகிறவர்கள் முதலில் எடுப்பதற்கென்று வைத்திருந்த வேகவைத்த கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மேசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மிதார் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்லாவா அன்று உட்காராமல் நின்று பரிமாறுகிறவன்தான் வீட்டுத் தலைவன். இங்கே நின்றுகொண்டிருப்பது சாவோ.

அண்ணி ரூஷா அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, அழுதாளா சிரித்தாளா என்று தெரியாதபடி ஏதோ செய்தாள். இந்த வருஷம் மிதார் ஸ்லாவாவை மகன் கையில் ஒப்படைத்துவிட்டாராம். ஒப்படைத்தவர் அன்றைக்கு வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் விருந்தாளியாகப் போகலாம்.

"ஏழு மணி பஸ்ஸுக்கே கெளம்பிட்டாரு. எங்கன்னு சொல்லு பாக்கலாம். அன்னிக்கு அவ கதவைச் சாத்த முடியாதுல்லன்னு ஒரு மாசமா இதே பேச்சு. உங்கிட்ட சொல்லிறக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

ஒரே அம்மா வயிற்றில் பிறந்த இரண்டு புத்திசாலிகள். நவம்பர் முழுக்க நிமிஷக் கணக்காகப் போட்ட திட்டத்தில், அண்ணனுக்கும் கால் இருக்கிறது என்பதைத் தரின்கா சேர்க்க மறந்துவிட்டாள்.

சாவோ தன் கைப்பேசியில் பிலாஷோவைப் பிடித்து அவளிடம் நீட்டினான். ஒன்பது மணியிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு விரல் தேய்ந்துவிட்டது என்று கத்தினார் அவர். பிறகு மறுபக்கம் ஃபோன் கை மாறியது.

"தரின்கா," என்றார் மிதார்.

பதினோரு வருஷம் கழித்துக் கேட்ட குரல். தயாராக வைத்திருந்த வாழ்த்தை மறந்து, ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவப் பாத்துட்டு வந்தேன். உன் மருமகதான் கூட்டிட்டுப் போனா."

"ம்."

"இத்தன நாளா ஏதோ நிழல்ல, பனிக்குள்ள கெடக்கான்னே நெனச்சிட்டிருந்தேன். நல்லா வெயில் அடிக்குதே அங்க."

"காலைலேருந்து மத்தியானம் வரைக்கும் அடிக்கும்ணே."

மேசையில் இருந்தவர்கள் மரியாதையாகத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பனி வெட்டிக் குழி தோண்ட எத்தன பேர் இருந்தாங்க?"

"பிலாஷோ, அவன் தம்பி. அப்புறம் நானு."

"நீயுமா." அவர் குரல் உடைந்தது. "அந்தக் குளிர்ல நீ மம்பட்டி புடிச்சு நின்னிருக்க. நான் இங்க அடுப்புப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, பொறுத்திருக்கலாம்னு சொல்லிட்டேன்."

தரின்கா அழுதாள். எல்லோர் எதிரிலும், முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள். அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடுவதாகச் சொன்னாள்.

"நகராத," என்றார் மிதார். "நீ ஏறினா நானும் ஏறிருவேன், மறுபடி இதே கூத்துதான். விருந்து நாளைக்கும் உண்டு. நீ அங்கயே இரு. நான் வரேன்."

அவர் எத்தனை மணி பஸ்ஸில் ஏறுவார், எத்தனை மணிக்கு வந்து சேருவார் என்று அவள் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. சரிண்ணே என்றாள்.