வதனி வீட்டு மேசை

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம். கட்டிக்கொள்கிற ஆண் உடுப்புப் பையோடு அங்கே போய்ச் சேரவேண்டியதுதான். நானும் வவுணதீவில் வதனி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து மூன்று மாதம். சண்டை ஓய்ந்து ஒரு வருடம். அவளுடைய முதல் புருஷன் ஷெல் பட்டுச் செத்து மூன்று வருடம். என்னுடையவளைச் சுனாமி கொண்டுபோய் ஐந்து வருடம்.

வதனியின் மகள் தக்ஷாயினிக்குப் பதினொரு வயது. என்னோடு ஒரு சொல் பேசவில்லை. இந்த லீவு முடிந்ததும் சித்தாண்டியில் பெரியம்மா வீட்டோடு போய் இருக்கப்போவதாகத் தாயிடம் சொல்லியிருந்தாள். பிள்ளையை விரட்டிவிட்டு அந்த வீட்டில் குந்தியிருக்க நான் என்ன கல்லா? அவள் போனால் நானும் போவதென்று முடிவெடுத்திருந்தேன். போக எனக்குத் துளியும் விருப்பமில்லை.

அந்த வீட்டு மேசை அவளுடைய தகப்பன் செய்தது. பாலைப் பலகையை அறுத்தபடியே ஆணியடித்து விட்டிருந்தார். எழுதினால் பேனை கொப்பியைக் கிழிக்கும், கையில் மரச் சிலாம்பு ஏறும். ஒருநாள் அவள் சிலாம்பு ஏறிய விரலை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்தேன். பொறுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே சாண்ட்பேப்பர் வாங்கி வந்து, மேசையை முற்றத்துக்கு இழுத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.

"இஞ்சேருங்க, பிள்ளையிட்டக் கேட்டீங்களா?" என்றாள் வதனி.

கேட்கவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

தக்ஷாயினி வாசலுக்கு வந்தாள். மேசையைப் பார்த்தாள். உள்ளே ஓடினாள். தொலைந்தது, பை கட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து ஒரு தாளை நீட்டினாள். அதுவும் சாண்ட்பேப்பர்தான். பழசு, ஆனால் ஒருமுறைகூடப் பாவிக்காதது.

"அப்பா மேசை தேய்க்கவெண்டு வாங்கி வெச்சவர். இதாலதான் தேய்க்கணும்."

கட்டையில் சுற்றித் தேய்த்தேன். மூன்று மாரி ஈரம் குடித்த தாள். மணல் முழுக்க உதிர்ந்ததே தவிர, மரம் தேயவில்லை. அதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. வியர்க்க வியர்க்க வெறுந்தாளால் தேய்த்துக்கொண்டேயிருந்தேன்.

அவள் உதிர்ந்த மணலைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

"அதால தேயாது. உங்கடையத் தாங்க."

கொடுத்தேன். மரத்தின் ரேகை ஓட்டத்துக்குக் குறுக்கே பரபரவென்று தேய்த்தாள். பலகையெல்லாம் கீறல். வதனி என்னைப் பார்த்தாள். நான் மேசை ஆடாமல் காலைப் பிடித்துக்கொண்டேன். கீறலை நாளைக்கு எடுக்கலாம். நாளைக்கும் நான் அங்கேதான் இருக்கப்போகிறேன்.