தோளுக்கு மேலே ஒரு கொலை

ரயிலில் உட்கார இடம் இருந்தும் யசோதரா ஒன்பது நாளாக நின்றுகொண்டேதான் பெங்களூர் போகிறாள். தங்கவயலில், கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறியதும் கர்சீப் போட்டு அவளுக்கு இடம் பிடித்துவைக்கிற தோழி ஐடாவே இப்போது, "உக்காராத, போய் நில்லு" என்று விரட்டுகிறாள்.

காரணம் வேந்தன். ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற இளைஞன். காதில் மாட்டிக்கொண்டு செல்போனில் ஏதோ வெளிநாட்டுக் கொலைத் தொடர் பார்ப்பான். அவன் தோளுக்கு மேலே எட்டி யசோதராவும் பார்ப்பாள். இவளுக்குச் சத்தம் கிடையாது, பாஷையும் தெரியாது.

தொடரில் ஒருத்தன் எதிர்வீட்டுப் பெண்ணை ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். அவனை மாடியிலிருந்து ஒரு கிழவி பார்க்கிறாள். கிழவியைப் போலீஸ்காரன் பார்க்கிறான். இவர்கள் எல்லாரையும் ஆட்டுத்தலை வைத்த ஒருத்தன் பார்க்கிறான். குளியல் தொட்டியில் மீன் நீந்துகிறது, கீழ்வீட்டில் வீட்டு ஓனர் பேப்பர் படிக்கிறான். மூன்றாம் நாள் அந்தப் பெண் செத்துக் கிடந்தாள்.

படித்தவர்களுக்கே தலை சுற்றும். யசோதராவுக்குச் சுற்றவில்லை. அவள் சுவரோடு சுவர் ஒட்டிய சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்து வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தால் இந்த வீட்டில் தெரிந்துவிடும். சாயங்கால ரயிலில் எட்டுப் பெண்களைச் சுற்றி உட்காரவைத்து, சொந்தமாக வசனம் போட்டு அன்றைய கதையைச் சொல்லிவிடுவாள்.

இன்றைக்குக் கடைசிப் பாகம். எட்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போது ஒயிட்ஃபீல்ட் வந்துவிட்டது. வேந்தன் போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

யசோதரா இறங்க வேண்டியது கன்டோன்மென்ட். அங்கே ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை. இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தடவை லேட். மூன்றாவது தடவை லேட்டானால் வீட்டோடு இருந்துவிடும்படி மேனேஜர் சொல்லியிருந்தான். ஆனால் கொன்றது யார் என்று தெரியாமல் ஐடா முகத்தில் எப்படி முழிப்பது? குதித்துவிட்டாள்.

அவன் படியேறினான், இவளும் ஏறினாள். அவன் திரும்பினான், இவள் பிஸ்கட் விளம்பரம் படித்தாள். பாலத்தின் நடுவில் நின்றேவிட்டான்.

"இன்னாக்கா, என் பின்னாடியே வரீங்க?"

யசோதராவுக்கு மானம் போயிற்று. போனது போகட்டும் என்று கேட்டுவிட்டாள். "கொன்னது யாருப்பா?"

வேந்தன் முகம் வாடிவிட்டது. "எனக்கே தெரியாதுக்கா. நீங்க வந்து நிக்கறது முதல் நாளே தெரியும். எனக்கு அந்தத் தொடரு ஒண்ணும் புரியல. சாயங்காலம் உங்க சீட்டுக்குப் பின்னாடி குந்திக்கினு, நீங்க சொல்றத கேட்டுதான் புரிஞ்சிக்கறேன்."

பாலத்திலேயே நின்று இருவரும் எட்டு நிமிஷமும் பார்த்தார்கள். ஆட்டுத்தலைக்காரன் தலையைக் கழற்றினான். உள்ளே ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் மீன். அதோடு பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"இதுக்கா வேலைய தொலைச்சேன்?" யசோதராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வேந்தன் அதைவிடப் பதறினான். "அக்கா, சாயங்காலம் முடிவு சொல்லணுமே. கொன்னது யாரு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஓனரு."

"அவன் பேப்பர்தானக்கா படிச்சிக்கினு இருந்தான்?"

"அதான் சொல்றேன். எதிர்வூட்ல அவ்ளோ நடக்குது, ஒம்போது நாள்ல ஒரு தபா கூட அவன் எட்டிப் பாக்கல. அவன்லாம் மனுசனா?"