மயிலைக் காளையின் தோல்

ஐம்பத்தெட்டாம் வருஷத்து மார்கழி. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பின் முற்றத்தில் பதனிட்ட மாட்டுத் தோல்கள் கொடிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. காற்று வந்தால் எல்லாம் ஒன்றாக மூச்சு விட்டன. அய்யம்மாள் கண்ணை அரைவாசி மூடிப் பார்த்தாள். மேய்ச்சலுக்குக் கிளம்பிய மந்தை ஒன்று தரையில் கால் பாவாமல் நிற்பதுபோல் இருந்தது. அதில் மயிலைக் காளை எது?

அவள் புருஷன் சோலைமலை கன்றிலிருந்து வளர்த்த காளை அது. அவன் போன பிறகு சாணார்பட்டிக் கிணற்றில் கமலை இழுத்தது. புரட்டாசியில் அதுவும் போய்ச் சேர்ந்தது. கமலைச் சாலின் அடியில் தண்ணீர் கொட்டும் தோல் தும்பியும் கிழிந்து கிடந்தது. காளையின் தோலிலேயே புதுத் தும்பி தைக்க வேண்டும், தண்ணீர் இனியும் அதைத் தொட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வேறு மாட்டுத் தோல் வேண்டாம். அதனால்தான் அதன் தோலை இங்கே பதனிடக் கொடுத்திருந்தாள்.

பதனிட வாங்கும்போது தோலின் ஓரத்தில் மூன்று கொத்தாகத் துளை போட்டு, அதேபோல் ஒரு தகர வில்லையிலும் போட்டு உடையவரிடம் கொடுப்பார்கள். அவள் வில்லையில் நாலு, இரண்டு, ஐந்து.

அன்று தோலைத் திருப்பி வாங்க எல்லா ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். ஆளாளுக்கு வில்லையை ஏந்திக்கொண்டு தோல் தோலாகப் போய்ப் பார்த்து, ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

“பொண்ணு பாக்கவா வந்தீக, ஒண்ணொண்ணா தடவிக்கிட்டு?” என்று மேஸ்திரி சாகுல் ஹமீது கத்தினார். “இப்படிப் பாத்தா பொழுது அடைஞ்சுரும். தள்ளி நில்லுங்கப்பா!”

முதல் கொத்தில் துளை குறைந்ததிலிருந்து ஏறுவரிசையாகத் தோல்களை மாற்றிப் போடச் சொன்னார். முதல் கொத்து ஒன்றுபோல் இருந்தால் இரண்டாவதைப் பார்; அதுவும் ஒன்றானால் மூன்றாவது. வில்லைக்காரர்களையும் அதே கணக்கில் நிறுத்தினார். பிறகு இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்தார். பொருந்தினால் ஆளும் தோலும் வெளியே. பொருந்தாவிட்டால் தோலோ ஆளோ, எதன் கணக்கு சின்னதோ அதை ஓரங்கட்டிவிட்டு அடுத்தது. திரும்பிப் போகிற வேலையே இல்லை.

அய்யம்மாளின் முறை வந்தபோது எதிரே தொங்கியது நாலு, மூன்று, ஒன்று.

“ஓரமா நில்லும்மா,” என்றார் மேஸ்திரி.

அவள் வில்லையோடு ஒதுங்கி நின்றாள். வரிசை கரைந்துகொண்டே போய் முடிந்தது.

“கெடைச்சதத் தூக்கிட்டுப் போத்தா,” என்றார் கீரனூர் மொக்கைச்சாமி, தன் தோலைச் சுருட்டியபடி. “எந்த மாடுன்னு தண்ணிக்குத் தெரியவா போகுது?”

“ஒம் பொண்டாட்டி மாறிப் போனாலும் இதத்தான் சொல்லுவியா அப்பு?”

முற்றமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“பாய், என் மயிலய எங்க விட்டீக?”

ஓரங்கட்டியதில் ஒரே ஒரு தோல் மிஞ்சியிருந்தது. மேஸ்திரி அதன் துளைகளைத் தடவினார். நாலு, ஒன்று, ஐந்து.

“ஒண்ணு கொறையுதே,” என்றார். “தொட்டியில ஊறிப் பொம்முனா துளை தூந்து போறதும் உண்டும்மா. அப்படின்னா ஒனக்கு முந்தியே ஓரத்துக்குப் போயிருக்கும்.”

தோலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இரண்டாம் கொத்தின் ஒற்றைத் துளைக்குப் பக்கத்தில், ஊசி முனையளவு வெளிச்சம் ஒன்று மினுங்கியது.

அய்யம்மாள் தோலில் முகம் புதைத்தாள். பதனிட்ட ஆவாரம்பட்டையின் வாசம்தான் வந்தது. மயிலையின் வாசம் கொஞ்சமும் இல்லை. ஆனாலும் விடவில்லை.

கிழக்கே போகும் ரோட்டில் தோலை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தாள். பாரம் அழுத்தியது. ஓடைப் பள்ளத்தில் இறங்கும்போது, தன்னை அறியாமல், “பாத்து நடடா,” என்றாள்.