இரண்டரை மில்லிமீட்டர்

புது பிரேக் பொருந்தவில்லை என்று நான் போனில் சொன்ன நாலாம் நாள் காலையில், என் மாமியார் இரண்டு பஸ் மாறி என் பட்டறைக்கே வந்து நின்றார். தோளில் பை, கழுத்தில் இன்ச் டேப். கழற்ற மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே போட்டுக்கொண்டு வந்தாரா தெரியாது. முப்பத்தைந்து வருடமாகத் தையல்கடை நடத்துகிறவர். அந்த டேப் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இரண்டு மூன்று தடவைதான். அவருடைய கார் முன் சக்கரங்கள் இல்லாமல் ஸ்டாண்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. அதை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எவ்வளவு இடிக்குது மாப்பிள்ளை?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

அத்தை மலைமேல் தனியாக இருக்கிறார். நாங்கள் அடிவாரத்தில். வாரத்தில் இரண்டு நாள், தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளைப் பின் சீட்டு கொள்ளாமல் அடைத்துக்கொண்டு காரில் கீழே இறங்குவார். இறங்குவார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பறப்பார். போன மாதம் அப்படிப் பறந்து வரும்போது பிரேக் சூடேறி, மிதித்தால் மிதித்த இடத்திலேயே கால் நிற்கிறது, கார் நிற்கவில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கி, ரோடு வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். மூன்று நாள் கழித்து காரை என் பட்டறையில் விட்டுவிட்டு, எங்கள் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னார். நான் சிரித்துத் தொலைத்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். நமக்கெல்லாம் விபத்து என்றால் ஒரு சத்தம், ஒரு கூட்டம். அவளுக்கு அது படம் படமாக, வலது இடது என்று எழுதி ஒட்டியது. "வண்டி உருண்டா எது எது உடையும்னு எனக்கு வரிசையாத் தெரியும். உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது, அதான் சிரிப்பு வருது" என்று ஒரே போடாகப் போட்டாள். காரை விற்றுவிட வேண்டும், அம்மா எங்களோடு வந்துவிட வேண்டும். மாடியறைக்கு வெள்ளையடித்துக் கட்டிலும் போட்டாகிவிட்டது. அத்தை அதற்குப் பிடிகொடுக்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து என் பட்டறைக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், பழையதைவிட இரண்டு விரலகலம் பெரிய பிரேக் டிஸ்க்குகள், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற, செங்கல் கனத்தில் சிவப்பு வண்ணம் அடித்த காலிப்பர்கள், பேட், போல்ட் எல்லாம். அத்தையே விசாரித்து, அத்தையே வரவழைத்தது. போனில் சொன்னார்: "பிரேக்தானே சரியில்லை? மாத்திட்டா ஆச்சு."

அன்று மாலை என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காரியம் ஆக வேண்டுமானால்தான் அவள் அவ்வளவு பக்கத்தில் உட்காருவாள்.

"பொருந்தலைன்னு சொல்லிடுங்க."

"போட்டே பாக்காமலா?"

"நீங்க சொன்னா அம்மா நம்புவாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எந்தச் சாமானையும் பொருந்தாது என்று திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் அவள் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவதையும் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பழைய பிரேக்கைக் கழற்றிப் புதியதை ஏற்றினேன். டிஸ்க் உட்கார்ந்தது. காலிப்பர் உட்கார்ந்தது. சக்கரத்தைத் தூக்கி வைத்தேன். ணங் என்று நின்றது. ரிம்மின் ஸ்போக், காலிப்பரின் முதுகில் இடிக்கிறது. தொழிலில் முதல்முறையாக ஒரு சாமான் இடித்ததற்குச் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல வேண்டாம், உண்மையையே சொல்லலாம்! சக்கரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போன் போட்டேன். எவ்வளவு இடிக்கிறது என்று மட்டும் அளக்கவில்லை. வெர்னியர் இருக்கிற இழுப்பறையின் பக்கமே போகவில்லை. அளந்துவிட்டால் அது ஒரு கணக்காகிவிடும், கணக்கு வந்துவிட்டால் கை தன்னால் வேலையை ஆரம்பித்துவிடும். என்னை எனக்குத் தெரியாதா?

இப்போது அத்தை எதிரே நிற்கிறார்.

"சட்டை பத்தலைன்னு யார் வந்தாலும் நான் கேக்குற முதல் கேள்வி இதான். எங்க பிடிக்குது, எவ்வளவு பிடிக்குது? அது தெரியாமலேவா பொருந்தலைன்னு சொன்னீங்க?"

நான் அசடு வழிந்தேன்.

"அவ சொல்லச் சொன்னாளா?"

தரையில் கிடந்த ஸ்பேனர் ஒன்றை எடுத்து, அதற்குரிய இடத்தில் வைத்தேன். ஒரு மாமியாருக்கு அதைவிடப் பெரிய வாக்குமூலம் வேண்டியதில்லை. அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ பயப்படுறது எனக்குத் தெரியாதா? நானும்தான் பயந்தேன். மணல்ல ஏறி நின்னப்புறம் அரை மணி நேரம் காரை விட்டு இறங்கல. அதை அவகிட்ட சொல்ல முடியுமா, சொல்லுங்க. அதான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன்." டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அவ சொன்னா, சரி. பெத்த பொண்ணு. நீங்க ஏன் மாப்பிள்ளை அளக்கல?"

"அளந்துட்டா எனக்குப் பொய் வராது அத்தை."

சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பின் ஈரமா, வேறா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு எழுந்தார்.

"இப்ப அளங்க. நெஜமாவே பொருந்தலைன்னா காரை வித்துடலாம். மாடிக்கு வந்துடறேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

பையிலிருந்து நீலச் சாக்குக்கட்டியை எடுத்தார். துணியில் கோடு போடுகிற சாக்கு. காலிப்பரின் முதுகு முழுக்க அவரே தேய்த்தார். நான் சக்கரத்தைத் தூக்கி, இடிக்கிற வரை தள்ளி, மெதுவாகச் சுற்றிக் கழற்றினேன். ஸ்போக்குகளின் உட்பக்கம் ஒவ்வொன்றிலும், ஒரே இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு நீலம். வேறெங்கும் ஒரு பொட்டுக்கூட இல்லை. கூட நின்று பார்த்த அத்தை, "கக்கத்துல மட்டும்தான் பிடிக்குது" என்றார். வெர்னியரை எடுத்தேன். இரண்டரை மில்லிமீட்டர்.

வெட்கமாக இருந்தது. இரண்டரை மில்லிமீட்டருக்காகவா ஒரு மனுஷியை வீடு மாற்றப் பார்த்தேன்?

காலிப்பரைத் தேய்த்துக் குறைக்கக் கூடாது. அது பாரம் தாங்குகிற இடம். சக்கரம் மாட்டுகிற ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் தகடு கொடுத்துச் சக்கரத்தை வெளியே தள்ள வேண்டும். தகட்டைக் கொடுத்தால் போல்ட் நீளம் பத்தாது; நட்டுக்கு நாலு சுற்றுதான் பிடிப்பு கிடைக்கும். "பட்டன் இருக்கு, துணிதான் எட்டல" என்றார் அத்தை. நீளமான போல்ட்டுக்குச் சொல்லிவிட்டு, தகட்டைக் கடைய லேத் பட்டறைக்குக் கொடுத்தேன். மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று நாளும் அத்தை எங்கள் மாடியறையில் இருந்தார்.

அத்தையிடம் மாட்டிக்கொண்டதையும் அளந்துவிட்டதையும் என் மனைவியிடம் நானே ஒப்புக்கொண்டேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, அம்மாவோடு அதிகமாகப் பேசினாள். வேலை முடிந்ததும் நேராக மாடிக்குத்தான் போவாள். மேலே ஒரே சிரிப்பும் பேச்சுமாகக் கேட்கும். காரைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. அத்தை ஜன்னலுக்குத் திரை தைத்தார், தலையணைக்கு உறை தைத்தார், மூன்றாம் நாள் தைக்க ஒன்றும் இல்லாமல் ஜன்னலருகே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுபோன என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, டீயோடு திரும்பி இறங்கி வந்தாள். சமையலறையில் அந்த டீயை அவளே நின்றபடி குடித்தாள்.

போல்ட் வந்தது. தகடு ஹப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. முடிந்தது என்று கையைத் துடைக்கப் போனேன்.

"எங்க முடிஞ்சுது? உடுப்பை நின்னும் பாக்கணும், உக்காந்தும் பாக்கணும், கையைத் தூக்கியும் பாக்கணும். ஸ்டீயரிங்கைத் திருப்புங்க."

முழுசாகத் திருப்பினேன். தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தவர் கையை உயர்த்தினார். பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் அந்தத் திருப்பத்தில் நாண்போல் இழுபட்டிருந்தது. நான் பார்க்க வேண்டியதை அவர் பார்த்தார். நியாயமாக நான் அங்கே வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. ஹோஸின் கிளிப்பை இடம் மாற்றி, பிரேக் ஆயிலில் இருந்த காற்றை எடுத்து, பட்டறையைச் சுற்றி நானே நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

புது பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும். நல்ல வேகத்தில் போய், அழுத்திப் பிடித்து, முழுக்க நிற்காமல் மறுபடி வேகமெடுக்க வேண்டும். பத்து தடவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புறவழிச்சாலைக்குக் கிளம்பினோம். என் மனைவி வந்து பின் கதவைத் திறந்தாள்.

"நீ எதுக்கு? நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"எனக்காகப் பொய் சொன்ன ஆளு, அவங்களுக்காகவும் சொல்லுவீங்க."

பெல்ட் போட்டுக்கொண்டாள். அத்தை ஓட்டினார். முதல் தடவை மிதித்தபோது மூன்று பேரும் முன்னால் போய் வந்தோம். அத்தை வாய்விட்டு "அடேயப்பா" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். என் மனைவி இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். பத்தும் முடிந்தபோது காருக்குள் கருகல் வாடை வந்தது. புது பேட் அப்படித்தான் நாறும் என்றேன்.

"இப்ப நிறுத்தக் கூடாது அத்தை. ஆறுற வரைக்கும் பிரேக்கைத் தொடாம ஓட்டிக்கிட்டே இருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"கால்மணி நேரம்."

சாலை இரண்டாகப் பிரிகிற இடம் வந்துகொண்டிருந்தது. இடது கைப்பக்கம் எங்கள் வீடு. வலது பக்கம் மலை ஏறுகிற ரோடு. அத்தை வேகத்தைக் குறைக்க முடியாமல், என்னைப் பார்த்தார். நான் எதைச் சொல்வது? நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் என் பிழைப்பு.

"மேல போம்மா" என்றாள் பின்னாலிருந்து என் மனைவி. "ஏத்தத்துல பிரேக் வேண்டாம்ல."

மணல் குவியல் இருந்த வளைவைத் தாண்டும்போது அத்தை அதைக் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. அத்தையின் கடை வாசலில் கார் தானாகத் தேங்கி நின்றது. நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

என் மனைவி முதலில் இறங்கினாள். முன் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, ஸ்போக்குகளின் இடைவெளியில் புறங்கையை நீட்டி, டிஸ்க்கைத் தொடாமல் சூடு பார்த்தாள். எனக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான் புறங்கையால் பார்ப்பாள்.

"இன்னும் கொதிக்குது."

"ஆறட்டும். எனக்கென்ன அவசரம்?" அத்தை அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இறங்குறப்ப நான் முன்னாடி உக்காருவேன்."

"உக்காரு."

"அந்த வளைவுல எத்தனை தடவை பிரேக் பிடிப்ப?"

"நீ சொல்றப்பல்லாம் பிடிக்கிறேன்."

அவள் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தபோது அவளுடைய பின்னல் தோளிலிருந்து சரிந்து சக்கரத்தின் பக்கம் விழுந்தது. கிரீஸில் படாமல் அத்தை அதை எட்டிப் பிடித்தார். பிடித்ததை விடாமல், அவள் எழுந்திருக்கும் வரை, உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றார்.