நாலாவது வரிசை

"அம்மா, கண்ணை மூடிக்கிட்டு போட்டாலே நூத்துக்கு இருபத்தஞ்சு வரும்" என்றாள் மகள். திருத்தி முடித்த தாளின் தலையில் சிவப்புப் பேனாவால் இருபத்தாறு என்று போட்டு வட்டமும் இழுத்திருந்தாள்.

பத்தாவது படிக்கிற பெண். கணக்கில் புலி, வாய் கொஞ்சம் நீளம். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம், செய்தும் காட்டினாள். துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு, கேள்வியைப் பார்க்காமலேயே நூறு வரிக்கும் அ, ஆ, இ, ஈ என்று மனம் போனபடி கிறுக்கினாள். அப்பா விடைத்தாளைப் படிக்கப் படிக்கத் திருத்தினாள். இருபத்தெட்டு வந்தது. பெற்ற தாயை விட இரண்டு மதிப்பெண் கூட.

அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்து படித்தால் தூங்கிவிடுவாள் என்பதால் இரண்டு மாதமாக அவள் நின்றபடியேதான் படிக்கிறாள். காலை ஷிஃப்ட் முடிந்து, சமையல் முடிந்து, துணி துவைத்து முடித்த பிறகு, மேசையின் ஒரு பாதியில் சட்டைகள், மறுபாதியில் கேள்வித்தாள். கால் வலிக்கிறது, கண் எரிகிறது, வருவது என்னவோ இருபத்தாறு.

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் வார்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்பவள், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பவள், ஒன்றுக்குப் பாத்திரம் வைப்பவள், மாத்திரை விழுங்க அடம்பிடிக்கும் பெரியவர்களைக் கொஞ்சிக் குலாவி விழுங்க வைப்பவள். பன்னிரண்டாவதில் அறிவியல் எடுத்துப் படித்தவள்தான். அதற்குள் கல்யாணம், அதற்குள் குழந்தை என்று மேற்படிப்பு கைநழுவிப் போயிற்று. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு நர்சிங் பள்ளியில் சில இடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். நுழைவுத் தேர்வு எழுதி, முப்பத்தைந்து வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். அவளுக்கு வரும் மாசியோடு முப்பத்தைந்து முடிகிறது. இந்தத் தடவை விட்டால் ஆயுசு முழுக்கப் பாத்திரம்தான் வைக்க வேண்டும்.

வார்டில் இருந்த சின்ன சிஸ்டர், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவதற்கு முன்பு, தேர்வு நடத்தும் போர்டு அச்சடித்த ஐந்து வருடத்துக் கேள்வித்தாள்களையும், அவற்றுக்குச் சரியான விடை போட்ட விடைத்தாள்களையும் கொடுத்து, "வார்டக்கா, காப்பி எடுத்துக்கிட்டு நாளைக்கே குடுத்துடுங்க. இன்னொருத்தி கேட்டிருக்கா" என்றாள். காப்பி எடுக்கும் பொறுப்பை அவள் கணவன் ஏற்றுக்கொண்டான். ஒரு அலுவலகத்தில் உதவியாளன். அலுவலகமே அவனைச் சிக்கனம் என்றுதான் கூப்பிடும். தீர்ந்துபோன பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டித் திறந்து மேலும் மூன்று நாள் பல் தேய்க்கிற மனிதன். ஒரு பக்கம் எழுதிய காகிதத்தை அவன் உயிர் போனாலும் எறிய மாட்டான். மறுபக்கம் வெறுமையாக இருக்கிறதே! ஆபீஸ் மெஷினில் தானே நின்று எல்லாவற்றையும் நகல் எடுத்து, அழகாகப் பின் அடித்து, ஏதோ பட்டமே வாங்கிக் கொடுத்தவன் மாதிரி அவள் கையில் தந்தான்.

முதல் நாள் முதல் தாளை எழுதியபோது அவளுக்கு எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருந்தது. விடைத்தாளை வைத்துத் திருத்திப் பார்த்தால் இருபத்தாறு. வெட்கத்தில் அந்தத் தாளைக் கசக்கி எறிந்தாள். இரண்டாவது தாள் இருபத்து மூன்று. மூன்றாவது இருபத்தேழு. இன்றைக்கு நாலாவது, மறுபடியும் இருபத்தாறு. எதில் குறை என்று தெரிந்தால் அதைச் சரி செய்யலாம். எல்லாவற்றிலும் குறை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மாலைக்கண் நோய் எந்த வைட்டமின் குறைவால் வருகிறது? ஏ என்று எழுதினாள். விடைத்தாள் சி என்றது. அடுத்த வருடத் தாளிலும் அதே கேள்வி வந்தது. இந்தத் தடவை உஷாராக சி என்று எழுதினாள். விடைத்தாள் டி என்றது.

"என்னங்க இது, வருஷத்துக்கு ஒண்ணா சொல்லுது?"

"விஞ்ஞானம் வளருதில்ல?" என்றான் சிக்கனம். "நீ படிச்ச காலத்துல ஏவா இருந்திருக்கும். பதினாறு வருஷம் ஆச்சு. இப்ப மாத்தியிருப்பாங்க."

"விடைத்தாளே தப்பா இருந்தா?" என்றாள் மகள்.

"போர்டு அச்சடிச்சதுடி அது. அவங்க தப்பு, உங்கம்மா ரைட்டா?"

வார்டக்கா சியை அடித்துவிட்டு டி என்று போட்டுக்கொண்டாள். யாரிடமாவது கேட்டிருக்கலாம். வார்டில் சிஸ்டர்களுக்கா பஞ்சம்? ஆனால் கேட்டால், "எவ்வளவு எடுத்தீங்க?" என்பார்கள். பதினோரு வருடம் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டிவிட்டு இருபத்தாறு என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அதனால் வாயை மூடிக்கொண்டு, தப்பாகப் போன ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் எழுதி, விடைத்தாள் சொன்ன பதிலைப் பக்கத்தில் எழுதி, துணி தேய்த்துக்கொண்டே உருப்போட்டாள். தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் விடைத்தாள் சொன்னதை நட்டாள். அவ்வளவு உழைப்பு!

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. எட்டாம் கட்டில் பாட்டியம்மாவை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போக வேண்டும். சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்திவிட்டு, வார்டக்கா முதலில் தலையணையை எடுத்தாள். பிறகு பாட்டியம்மாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைக்கப் போனாள். நாற்காலி வழுக்கிக்கொண்டு பின்னால் ஓடியது. நல்ல வேளை, பாட்டியம்மாவின் பாரம் முழுக்க அவள் கையில் இருந்தது. தன் முட்டியைக் கொடுத்துத் தாங்கி, இருவருமாகக் கட்டிலிலேயே சரிந்து உட்கார்ந்தார்கள். பாட்டியம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "என்னடி, ரெண்டு பேரும் ஊஞ்சலா ஆடறோம்?" என்று கேட்டாள்.

சத்தம் கேட்டுப் பெரிய சிஸ்டர் வந்தாள். அந்த வார்டுக்கே அவள்தான் தலைமை. டாக்டர்களே அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்துவார்கள்.

"பிரேக் போடலையா நீ?"

"தலையணையை எடுத்தேன் சிஸ்டர்."

"தலையணை கிடக்கட்டும். பிரேக்கை மிதிக்காம ஆளைத் தூக்குவாங்களா? பதினோரு வருஷத்துல ஒரு நாள் நீ மறந்ததில்லையே. புதுசா வர்றவளுக்கெல்லாம் நீதானே சொல்லிக் குடுக்கிற?"

வார்டக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாக அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. "நாற்பத்தி மூணாவது கேள்வி சிஸ்டர்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கட்டில்லேருந்து நாற்காலிக்கு மாத்தறப்ப முதல்ல என்ன செய்யணும்னு கேட்டிருக்கான். நான் பிரேக்குனு எழுதினேன். தலையணையை எடுக்கணுமாம். அதைத்தான் உருப்போட்டு வச்சிருக்கேன்."

பெரிய சிஸ்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "எவன் சொன்னான்? கொண்டா அதை."

பையில்தான் இருந்தது, மகள் சிவப்பில் இருபத்தாறு போட்ட தாளும் கூடவே. பெரிய சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேள்வித்தாளைப் பார்த்தாள், விடைத்தாளைப் பார்த்தாள், மறுபடி கேள்வித்தாளின் மேல் மூலையைப் பார்த்தாள். அங்கே ஒரு கட்டத்துக்குள் ஏ என்று போட்டிருந்தது.

"காப்பி அடிக்கக் கூடாதுன்னு ஒரே கேள்விங்களை நாலு விதமா வரிசை மாத்தி அடிப்பாங்க. ஏ, பி, சி, டினு நாலு தாள். நாலுக்கும் விடை வேற வேற. ஒரே விடைத்தாள்ல பக்கத்துப் பக்கத்துல நாலு வரிசை இருக்கும். உன் காப்பியில ஒரு வரிசைதானே இருக்கு? மத்த மூணும் எங்க? தலைப்பும் வெட்டுப்பட்டிருக்கு." கைப்பேசியில் அந்த வருடத்து முழு விடைத்தாளைத் தேடி, விரலால் நகர்த்தி, எண்ணிப் பார்த்தாள். "இது நாலாவது வரிசை. டி. கையில ஏ தாளை வச்சுக்கிட்டு டி வரிசையைப் பாத்து திருத்தியிருக்க. இருபத்தாறு வந்ததே பெரிசு."

வீட்டுக்குப் போன வேகத்தில் வார்டக்கா செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"விடைத்தாளை எப்படிக் காப்பி எடுத்தீங்க?"

சிக்கனம் விழித்தான். "எப்படின்னா?"

"நாலு வரிசை இருந்ததா இல்லையா?"

"இருந்தது," என்றான். அவனுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை, பெருமையாகவே சொன்னான். "பெரிய தாளு. மெஷின்ல முழுசா வெக்க முடியல. ரெண்டு தாளா எடுக்கணும். நாலு வரிசையிலயும் ஒண்ணுலேருந்து நூறு வரைக்கும்தான் இருந்தது. எதுக்கு ஒரே விஷயத்தை நாலு தடவைன்னு மடிச்சு, ஓரத்து வரிசையை மட்டும் எடுத்தேன். அஞ்சு வருஷத்துக்கும் அஞ்சே தாள்ல முடிச்சுட்டேன் தெரியுமா?"

அவள் கத்தினாள். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற அளவுக்குக் கத்தினாள். "அஞ்சு தாளு! அஞ்சு தாளு மிச்சம் பிடிக்க என் தலையில மண்ணை வாரிப் போட்டீங்களே! தெரிஞ்சதையெல்லாம் தப்புன்னு நெனச்சு அழிச்சுட்டேனே! இன்னிக்கு ஒரு உசிரு கீழ விழுந்திருக்கும், தெரியுமா?" சிக்கனம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றான். பாவம், அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போகலாம். நல்லவனை எத்தனை திட்டினாலும் ஆத்திரம் ஆறுவதில்லை.

இதற்குள் மகள் எதையோ தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய கணக்குக் கிறுக்கல் நோட்டு. அப்பா ஒருபக்கக் காகிதங்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தது. நடுவில் ஒரு தாள் கசங்கி, நீவி விடப்பட்டிருந்தது. முன்பக்கம் மகளின் கணக்கு. பின்பக்கம் தாயின் கையெழுத்து. முதல் நாள் கசக்கி எறிந்த விடைகள்.

பெரிய சிஸ்டர் வார்டக்காவின் கைப்பேசிக்கு அனுப்பியிருந்த முழு விடைத்தாள்களின் படங்களைப் பார்த்து, ஏ வரிசையில் மகள் திருத்தினாள். இந்தத் தடவை வாயைத் திறக்காமல் திருத்தினாள். எழுபத்து நாலு.

போன வருடம் அறுபத்தெட்டு எடுத்தவர்களுக்கு இடம் கிடைத்தது.

வார்டக்கா இஸ்திரி மேசைக்குப் போய் நின்றுகொண்டு, இதுவரை தொடாத ஐந்தாவது தாளை எழுதினாள். ஏ என்று எழுதப் போனால் நடுவில் சி வந்து நின்றது. எது தன்னுடையது, எது நோட்டில் உருப்போட்டது என்று தெரியவில்லை. மகள் சரியான வரிசையில் திருத்தினாள். ஐம்பத்தொன்று. இரண்டு மாதம் நின்றுகொண்டே படித்து இருபத்து மூன்று மதிப்பெண்ணைத் தொலைத்திருந்தாள்.

அந்த ஒன்பது நாளும் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. நோட்டைக் கிழித்து, சிக்கனம் மறுபக்கத்தைப் பார்க்கும் முன்பே குப்பையில் போட்டாள். வார்டில் ஒவ்வொரு வேலையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். பிரேக். பிறகு செருப்பு. பிறகு தூக்குவது. நாடி பிடிக்கும்போது எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னாள். பெரிய சிஸ்டர் டீ குடிக்கிற நேரத்தில் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தாள். எட்டாம் கட்டில் பாட்டியம்மா, "இவளுக்கு என்ன, பேய் பிடிச்சிருக்கா?" என்று விசாரித்தாள்.

தேர்வு அறையில் கொடுத்த தாளின் மூலையில் இருந்த எழுத்து டி. அவள் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். நாற்பது கேள்வி வரை ஓடியது. பிறகு ஓரிடத்தில் அந்தக் கட்டிலும் நாற்காலியும் வந்தன. கொஞ்சம் சொற்களை மாற்றிக் கேட்டிருந்தார்கள். தலையணை முதல் விடையாக நின்று கண்ணடித்தது. கை அதை நோக்கிப் போனது. அவள் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். மேசைக்கு அடியில் வலது கால் தானாக நீண்டு தரையை அழுத்தியது.

"என்னம்மா, காலை ஆட்டறீங்க?" என்றார் மேற்பார்வையாளர்.

"பிரேக் போடறேன் சார்," என்று சொல்லிவிட்டு வட்டத்தை நிரப்பினாள்.

மூன்றாம் நாள் போர்டு விடைகளை வெளியிட்டது. சிக்கனம் அன்றைக்கு அலுவலகத்துக்குப் போகவில்லை. கடையில் முழுத்தாளாக, நாலு வரிசையும் தெரிய, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். மகள் அளவுகோலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். கடைசியில் தலையைத் தூக்கினாள். கண் கலங்கியிருந்தது.

"எழுபதும்மா."

சிக்கனம் துள்ளிக் குதித்தான். "எழுபது! போன வருஷத்தை விட ரெண்டு கூட! நான்தான் சொன்னேனே, படிச்சா வீண் போகாதுன்னு!"

வார்டக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். படிக்காமலே போயிருந்தால் எழுபத்து நாலு. சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பி, இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த வரிசை பாத்தே?" என்று மகளிடம் கேட்டாள்.

"டிம்மா. நாலாவது வரிசை. மூணு தடவை பாத்துட்டேன்."

"இன்னொரு தடவை பாரு," என்றாள்.